சாவிக்கொத்தும் ஐவர் கும்மியும்



அம்பத்தூர் ரயில் நிலையத்தில் ஒரு நாள் காலை, ஆவடிப் பக்கமிருந்து வரும் மின்சார ரயிலுக்காகக் காத்திருந்தேன். எனக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்த ஓர் ஐ.டி.ஐ. மாணவன் திடீரென்று கீழே விழுந்தான். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை தள்ளியது. "இரும்பு குடுங்க, யாராவது இரும்பு குடுங்க!" என்று ஒரு பூக்கார அம்மாள் கத்தினார். கூட்டத்தில் ஒருவர் தம் சாவிக்கொத்தை எடுத்து அந்தப் பையனின் கைக்குள் திணித்தார். ஒன்றரை நிமிடம் சென்றிருக்கும். இழுப்பு நின்றது. பையன் அயர்ந்து உறங்குபவன்போல் கிடந்தான். "பாத்தீங்களா, சாவி பட்டதும் நின்னுடுச்சு" என்றார் அந்த அம்மாள்.

சாவிக்கொத்தைத் திணித்தவர் வேறு யாருமல்லர். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான்தான். கொத்தில் இருந்தவை எங்கள் ஆய்வுக்கூடத்துச் சாவிகள்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "சார், உங்க கொத்துல பித்தளைச் சாவியும் இருந்திருக்குமே. இரும்புதான் வேலை செஞ்சுதுன்னு எப்படி சார் சொல்றது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. கேள்வி சிரிக்கத் தக்கதன்று. அதுதான் சோதனைமுறையின் முதல் படி. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். விழுந்தவனைப் பார்த்துப் பதறி, இரும்பைத் தேடி, கைவிரல்களைப் பிரித்து உள்ளே வைப்பதற்குள் ஏறக்குறைய அந்த நேரம் ஆகிவிடும். நிற்கப் போகிற வலிப்பு நிற்கிறது. பெயர் சாவிக்குப் போகிறது. சாவிக்குப் பதில் ஒரு வெண்டைக்காயைக் கொடுத்திருந்தாலும் அதே நேரத்தில்தான் நின்றிருக்கும்.

அப்படியானால் அதை நிறுத்தியது எது? மூளைக்குள்ளேயே தடைக்கட்டைகள் பல உண்டு. அவற்றுள் முதன்மையான ஒன்றைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம். அது ஒரே ஒரு தடைக்கட்டை அன்று. ஒரே அச்சில் வார்த்ததுபோல் தோன்றினாலும் உறுப்புகள் வேறுபட்ட ஒரு பெருங்குடும்பம். அந்த வேறுபாட்டில்தான் கதை இருக்கிறது.

ஒரு மெல்லிய சுவரின் மின்சாரம்

முதலில் என் பாடத்திலிருந்து சிறிது. நரம்புச் செல்லின் சுவர் சுமார் 5 நானோமீட்டர் தடிப்புடையது. அதாவது ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. சுவரின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கிறது. 70 மில்லிவோல்ட் என்றால் பூ என்று தள்ளிவிடாதீர்கள். மின்னழுத்தத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். மின்புலம் ஒரு மீட்டருக்கு 140 லட்சம் வோல்ட் என்று வரும்! காற்றில் 30 லட்சம் வந்தாலே பொறி பறந்துவிடும். அம்பத்தூர்த் தண்டவாளத்துக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. அந்த அழுத்தத்தை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் நிறுத்தினால்தான் உங்கள் தலைக்குள் இருக்கும் மின்புலம் கிடைக்கும்.

இந்தச் சுவரில் ஆங்காங்கே புரதத்தால் ஆன வாயில்கள் உண்டு. சோடியம் அயனிகள் உள்ளே புகுந்தால் உள்ளழுத்தம் உயர்கிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் செல் 'சுடுகிறது', அதாவது ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. குளோரைடு அயனி எதிர்மின்னூட்டம் உடையது. அது உள்ளே புகுந்தால் அழுத்தம் எல்லையை எட்டாமல் இழுத்துப் பிடிக்கப்படுகிறது; செல் அடங்குகிறது. இந்தக் குளோரைடு வாயிலைத் திறக்கும் சாவி 'காபா' என்னும் சிறு மூலக்கூறு. காமா-அமினோ பியூட்ரிக் அமிலம் என்பதன் சுருக்கம் அது. மூளையில் அது இருப்பது 1950-இல் தெரிய வந்தது. மெய்யான சாவி இதுதான், இரும்பாலானதன்று!

ஒரு வாயில் திறந்தால் எத்தனை அயனிகள் புகும்? கணக்கிட்டு விடலாம். திறந்த வாயிலின் மின்கடத்தம் ஏறக்குறைய 25 பைக்கோசீமன்ஸ். செல் சுடப்போகும் தறுவாயில் குளோரைடைத் தள்ளும் அழுத்தம் 20 மில்லிவோல்ட் என்று கொள்வோம். பெருக்கினால் மின்னோட்டம் அரை பைக்கோ ஆம்பியர். ஓர் அயனியின் மின்னூட்டம் 1.6-ஐப் பத்தின் 19-ஆம் அடுக்கால் வகுத்தது போன்ற சிறு கூலும். விடை: நொடிக்கு 30 லட்சம் அயனிகள். வாயில் ஒரு மில்லி நொடி திறந்து மூடினாலும் மூவாயிரம் குளோரைடு அயனிகள் உள்ளே போய்விடும். வலிப்பு என்பது, எண்ணற்ற நரம்புச் செல்கள் ஒன்றன் குரலுக்கு ஒன்று செவிசாய்த்து ஒரே நேரத்தில் மீண்டும் மீண்டும் சுடுவது. அந்தக் கூச்சலுக்கு நடுவே "போதும்" என்று சொல்பவை இந்த வாயில்கள்.

ஐவர் கும்மி

காபா வாயில் ஒரே புரதத்தால் ஆனதன்று. ஐந்து புரதத் துணையலகுகள், கும்மியடிக்க வட்டமாக நிற்கும் ஐந்து பெண்களைப்போல், ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. நடுவில் விடப்பட்ட இடமே குளோரைடு செல்லும் துளை. துணையலகு ஒவ்வொன்றும் சுமார் 450 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. செல்சுவரை நான்கு முறை ஊடுருவிச் செல்கிறது.

இதற்கான மரபணுக் குறிப்புகள் 1987-இல் முதன்முதலாகப் படிக்கப்பட்டன. அப்போது ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைத் துணையலகுகளே தெரிந்தன. தேடத் தேடப் பெருகிற்று. இன்று பாலூட்டிகளில் 19 வகைகள் தெரியும்: ஆல்ஃபா ஆறு, பீட்டா மூன்று, காமா மூன்று, ரோ மூன்று, டெல்டா, எப்சிலான், தீட்டா, பை ஒவ்வொன்று. எலிக்கும் எனக்கும் உங்களுக்கும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். (காமா வேறு, காபா வேறு, முன்னது துணையலகின் பெயர், பின்னது சாவியின் பெயர். பெயர் வைத்தவர்கள் மாணவர்களை நினைத்துப் பார்க்கவில்லை.)

பத்தொன்பது பேரிலிருந்து ஐவர் வட்டம் எத்தனை அமைக்கலாம்? காகிதத்தை எடுங்கள். ஐந்து இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் 19 பேரில் எவரும் நிற்கலாம் என்றால் 19-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 24,76,099. ஆனால் வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. சுழற்றினால் ஒரே கும்மி ஐந்து முறை எண்ணப்பட்டுவிடும். ஐவரும் ஒரே வகையாக உள்ள 19 வட்டங்கள் மட்டும் ஒரு முறையே எண்ணப்பட்டிருக்கும். ஆகவே 19-ஐக் கழித்து, ஐந்தால் வகுத்து, மறுபடி 19-ஐக் கூட்டுங்கள்: 4,95,235. கண்ணாடி பிம்பத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. கும்மிப் பெண்ணுக்கு வலக்கை, இடக்கை இருப்பதுபோல ஒவ்வொரு துணையலகுக்கும் இருபக்கமும் வெவ்வேறு முகம்.

ஐந்து லட்சம் வகை வாயில்கள் நம் மூளையில் உண்டா? இல்லை. எவர் பக்கத்தில் எவர் நிற்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. பொருந்தாத கூட்டணி செல்லுக்குள்ளேயே கலைக்கப்பட்டுவிடும். பெரும்பாலான வட்டங்களில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா, ஒரு காமா. ஆல்ஃபாவும் பீட்டாவும் மாறி மாறி நிற்க, ஐந்தாவது இடத்தைக் காமா அடைக்கும். எல்லாவற்றிலும் அதிகம் காணப்படுவது ஆல்ஃபா-1, பீட்டா-2, காமா-2 சேர்ந்த வட்டம். 2025-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வலிப்பு நோய்க்காக மூளை அறுவை செய்துகொண்டவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட திசுவிலிருந்து இந்த வாயில்களைப் பிரித்து, உறையவைத்து, எலக்ட்ரான் நுண்நோக்கியால் படம் பிடித்தார்கள். 12 வகை வட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. லட்சங்களை எதிர்பார்த்த கணக்குக்கு இயற்கை கொடுத்த விடை ஒரு டஜன்! இன்னும் சில அகப்படலாம். ஆனால் லட்சம் அகப்படாது.

இயற்பியல் ஆசிரியன் எதற்குப் புரதத்துக்குள் மூக்கை நுழைக்கிறான் என்று சிலர் என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் கிண்டியைக் காட்டுவேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன் அங்கிருந்துதான் 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் என்னும் புரதம் மூன்று சங்கிலிகள் முறுக்கியது என்று காட்டினார். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய இயலாது என்று ஒரு வரைபடம் தந்தார். இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும் 'ராமச்சந்திரன் வரைபடத்தில்' வைத்துச் சரிபார்க்கிறார்கள். காபா வாயிலும் அந்தச் சோதனைக்கு உட்பட்டதுதான்.

ஆள் மாறினால் என்ன ஆகும்?

ஒரே வேலைக்கு எதற்கு இத்தனை வகை? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். கதவுகள் எல்லாம் கதவுதான். ஆனால் வாசல் ஷட்டரும், கழிப்பறைக் கதவும், அலமாரிக் கதவும் ஒரே மாதிரி இருந்தால் வேலை நடக்குமா?

காமா-2 உள்ள வட்டங்கள் பெரும்பாலும் நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில், காபா கொட்டும் வாய்க்கு நேர் எதிரே நிற்கின்றன. அந்த இடத்தில் அவற்றை நிலைநிறுத்தக் காமா-2 தேவை. சட்டென்று திறந்து சட்டென்று மூடும் தன்மை அவற்றுக்கு. காமாவின் இடத்தில் டெல்டா நின்றாலோ வட்டம் சந்திப்பிலிருந்து விலகி ஒதுக்குப்புறத்தில் குடியேறுகிறது. கசிந்து பரவும் மிகச் சிறிதளவு காபாவுக்கும் திறந்து, நெடுநேரம் இலேசாக அடக்கிக்கொண்டே இருக்கிறது. முன்னது சைக்கிள் பிரேக் பிடிப்பது; பின்னது சக்கரத்தில் டைனமோவைச் சாய்த்துவிட்டு மிதிப்பது. ஆல்ஃபா-6 சிறுமூளையின் குறுமணிச் செல்களிலும், ஆல்ஃபா-5 நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியிலும் மிகுதி. ரோ வகை கண்ணின் விழித்திரையில்.

வயதுக்கேற்பவும் ஆள் மாறுகிறது. பிறக்கும் நேரத்தில் எலியின் மூளையில் ஆல்ஃபா-2, ஆல்ஃபா-3 ஓங்கியிருக்கும். வளர வளர ஆல்ஃபா-1 முன்னுக்கு வரும். ஆகையால் வளர்ந்த மூளையின் வரைபடம் மட்டும் போதாது, வளரும் மூளையின் வரைபடமும் வேண்டும். அப்படி ஒன்று நம் பக்கத்திலேயே உருவாகியிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் கருநிலை மூளை வரைபடத்தை வெளியிட்டது. 5,132 மெல்லிய சீவல்களின் படங்கள்! அதில் பங்குகொண்ட சவீதா மருத்துவக் கல்லூரி, பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் தண்டலத்தில் இருக்கிறது. எந்தச் செல் எங்கே உள்ளது என்று காட்டும் இவ்வகைத் தெருப்படம் இருந்தால்தான், எந்த வீட்டில் எந்தத் துணையலகு குடியிருக்கிறது என்று பிறகு எழுதிச் செல்ல முடியும்.

450-இல் ஒன்று

இனி மிக அழகான சோதனை ஒன்று. டயஸிபாம் என்ற மருந்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1963-இல் விற்பனைக்கு வந்தது. அச்சத்தைத் தணிக்கும், தூக்கத்தையும் வருவிக்கும், வலிப்பையும் அடக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாத மருந்து, பழக்கமும் ஆகிவிடும். அது காபா வாயிலைத் தானாகத் திறப்பதில்லை. ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் இடையிலுள்ள இடுக்கில் அமர்ந்துகொண்டு, காபா வரும்போது வாயில் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. காமாவின் இடத்தில் டெல்டா இருந்தால் அதற்கு இருக்கை இல்லை.

ஆல்ஃபாக்களிலும் எல்லாம் டயஸிபாமுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆல்ஃபா-1, 2, 3, 5 கொடுக்கும். 4, 6 கொடுக்காது. ஏன்? ஆல்ஃபா-1 சங்கிலியில் 101-ஆவது மணி ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம். 2, 3, 5 ஆகியவற்றிலும் அதற்கு நேரான இடத்தில் ஹிஸ்டிடினே. ஆனால் 4, 6 ஆகியவற்றில் அந்த இடத்தில் ஆர்ஜினின். ஏறத்தாழ 450 மணிகளில் இந்த ஒரு மணியின் வித்தியாசமே போதும். மருந்து அமர முடியவில்லை.

சூரிச் நகரில் ஊவே ருடால்ஃப், ஹான்ஸ் மோலர் குழுவினர் இதைக் கைப்பிடியாகக் கொண்டார்கள். சுண்டெலியின் மரபணுவைத் திருத்தி, ஆல்ஃபா-1-இல் மட்டும் அந்த ஹிஸ்டிடினை ஆர்ஜினினாக மாற்றினார்கள். காபாவுக்கு அந்த வாயில் எப்போதும்போல் திறந்தது. டயஸிபாம் மட்டும் அதில் செல்லுபடியாகவில்லை. 1999-இல் முடிவு வந்தது: இந்தச் சுண்டெலிகளுக்கு டயஸிபாம் கொடுத்தால் அச்சம் தணிந்தது, ஆனால் மந்தம் வரவில்லை! அடுத்த ஆண்டு ஆல்ஃபா-2-இல் அதே மாற்றத்தைச் செய்தார்கள். இப்போது மந்தம் வந்தது, அச்சம் தணியவில்லை. ஒரே மாத்திரை செய்த இரண்டு வேலைகள் இரண்டு துணையலகுகள் வழியாக நடந்தவை என்பது இவ்வாறு பிரிந்து தெரிந்தது. ஒரு கேள்வியை இவ்வளவு சுத்தமாகக் கேட்ட சோதனைகள் உயிரியலில் அதிகம் இல்லை என்பது என் கருத்து. தூக்கம் தராமல் அச்சத்தை மட்டும் நீக்கும் மாத்திரைக்கு இதோ வழி பிறந்துவிட்டது என்று அப்போது எண்ணினார்கள். அது அத்தனை சுலபமாக இல்லை. எலியின் அச்சமும் மனிதனின் அச்சமும் ஒன்றல்லவே.

நடைமேடைக்குத் திரும்புவோம்

துணையலகில் ஒரு மணி மாறுவது இயற்கையிலும் நேர்கிறது. 2001-இல் ஆஸ்திரேலியக் குடும்பம் ஒன்றில், காமா-2-இல் ஓர் ஆர்ஜினின் குளூட்டமினாக மாறியிருந்தது தெரிய வந்தது. அக்குடும்பத்தில் சிலருக்குக் காய்ச்சல் வலிப்பும், சில நொடி நினைவு தப்பும் வலிப்பும் இருந்தன. மறு ஆண்டு, கனடாவின் பிரெஞ்சுக்காரக் குடும்பம் ஒன்றில் ஆல்ஃபா-1-இல் வேறு ஒரு மாற்றம் அகப்பட்டது. நம் நாட்டிலும் இந்தத் தேடல் உண்டு. பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் அனுரஞ்சன் ஆனந்தும் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் சேர்ந்து, தலைமுறைகளாக வலிப்பு தொடர்ந்த தென்னிந்தியக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்தார்கள். கால்சியத்தை உணரும் வேறொரு செய்திப் புரதத்தில், 898-ஆவது மணி மாறியிருந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வரும் வலிப்பு ஒன்று தென்னிந்தியாவில் அதிகம்; அதன் மரபணுக்களையும் அவர்கள் தேடி வருகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு வலிப்பெல்லாம் பரம்பரை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தலையில் அடிபட்டதால் வருவதும், பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் வருவதும், நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாவதால் வருவதும் நம் நாட்டில் நிறைய. அது தொற்றுவதும் இல்லை. திருமணத்தை முறிக்க வலிப்பும் ஒரு காரணமாக இந்து திருமணச் சட்டத்தில் இருந்தது. 1999-இல் அதை நீக்கினார்கள். ஊர்வாயிலிருந்து நீங்க இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

இப்போது நான் உங்களிடம் சொல்ல விரும்பிய செய்திக்கு வருகிறேன். செல்சுவரில் பதிந்த வாயில்கள் சிலை போல் அங்கேயே நிற்பவை அல்ல. செல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி வெளியே அனுப்பும். வலிப்பு நிற்காமல் நீண்டால் காமா-2 உள்ள வட்டங்கள் சுவரிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு எண்ணிக்கையில் குறைகின்றன என்பதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். டெல்டா வட்டங்கள் அவ்வாறு மறைவதில்லை. ஆனால் டயஸிபாமும் அதன் உறவினர்களும் அமர்வது எங்கே? ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் இடையில்! ஆக, வலிப்பு நீள நீள மூளையின் சொந்தத் தடைக்கட்டையும் தேய்கிறது. மருந்துக்கான இருக்கையும் குறைகிறது. ஐந்தாம் நிமிடத்தில் ஓர் ஊசியில் அடங்கக் கூடியது, அரை மணி கழித்து அதே ஊசிக்கு அடங்காமல் போகலாம்.

இரும்பு தேடுவதில் உள்ள உண்மையான தீங்கு இதுதான். இரும்பு ஒன்றும் செய்யாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டியவன் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருப்பான்.

உங்கள் எதிரில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் முதலில் மணியைப் பாருங்கள். கூர்மையான பொருள்களை அப்புறப்படுத்துங்கள். தலைக்கடியில் ஒரு துணியோ பையோ வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். முடிந்தவுடன் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் எச்சில் மூச்சுக்குழாயில் போகாது. கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். பற்களுக்கிடையே கரண்டி, விரல், துணி எதுவும் வேண்டாம். முழு நினைவு வரும்வரை தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். வலிப்பு உள்ளவர்கள் சிலர் மூக்கில் தெளிக்கும் மிடாசோலம் மருந்தைத் தம்முடன் வைத்திருப்பார்கள். மருத்துவர் அவர் வீட்டாருக்கு அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்திருப்பார். அதுவும் டயஸிபாம் குடும்பத்ததே.

அந்த ஐ.டி.ஐ. மாணவன் கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். தன் பை எங்கே என்று கேட்டான். பூக்கார அம்மாள் அதைப் பத்திரமாக மடியில் வைத்திருந்தார். பிறகு தன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்து, "இது யாருதுங்க?" என்றான். நான் வாங்கிக்கொண்டேன். வலிப்பு சரியாக எத்தனை நிமிடம் நீடித்தது என்று அவனுடைய அப்பா அன்று மாலை தொலைபேசியில் என்னைக் கேட்டார். மருத்துவர் கேட்கச் சொன்னாராம். "ஒன்றரை நிமிடம் இருக்கலாம்" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன்.